மணல் ஏன் உப்புகிறது? பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

திருவள்ளூர் வீட்டுக்கு மேல மாடி எடுத்துக்கொண்டிருந்த சமயம். ஐப்பசி மழை. எம்-சாண்ட் 3 யூனிட் சொல்லியிருந்தேன். லாரி வந்து நின்றபோது தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஒரு கைப்பிடி அள்ளி அழுத்திப் பார்த்தார். புட்டு மாவு மாதிரி உருண்டையாகப் பிடித்தது. விரலால் தட்டினால் உதிர்ந்தது.

"சார், 3 யூனிட்டுன்னு பேரு. ரெண்டரைகூட தேறாது. மணல் உப்பியிருக்கு."

"ஈரம்தானே அண்ணே, காய்ஞ்சா சரியாயிடாதா?"

"காய்ஞ்சா சரியாகாது சார், கம்மியாகும்."

எனக்கு இது உறுத்தியது. காரணம் என் வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் எடைமேடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே எல்லாம் எடைதான். பழைய இரும்பு உள்ளே போகும்போது எடை, கம்பி வெளியே வரும்போது எடை. 20 கிலோ வித்தியாசம் வந்தால் எனக்கு போன் வரும். அதே நான், சொந்த வீட்டுக்கு மணலை கன அடிக் கணக்கில், அதாவது லாரித் தொட்டியில் எத்தனை உயரம் நிற்கிறது என்று பார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன்! 1 யூனிட் என்றால் 100 கன அடி. 25% உப்பியிருந்தால் 300 கன அடிக்குப் பணம் கொடுத்து 240 கன அடி மணல்தான் வாங்கியிருக்கிறேன். மீதி 60 கன அடி காத்து.

சரி, ஏன் உப்புது? அக்கா பையன் சிவில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். கேட்டேன். யோசிக்கவே இல்லை, பதில் வந்தது.

"மாமா, ஒவ்வொரு மணல் துகளையும் சுத்தி தண்ணி ஒரு ஃபிலிம் மாதிரி நிக்கும். அதோட சர்ஃபேஸ் டென்ஷன் பக்கத்துத் துகளைத் தள்ளி வைக்கும். அதனால வால்யூம் கூடும். 5 மார்க் கேள்வி."

"சர்ஃபேஸ் டென்ஷன் தள்ளுமா? இழுக்குமில்ல?"

"புக்ல அப்படித்தான் இருக்கு மாமா."

புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். எம்.எஸ். ஷெட்டியின் 'கான்கிரீட் டெக்னாலஜி'. அவன் சொன்னது சரி, அப்படித்தான் இருக்கிறது. ஈரம் துகளைச் சுற்றிப் படலமாக நிற்கிறது. அந்தப் படலத்தின் பரப்பு இழுவிசை அக்கம்பக்கத்துத் துகள்களை விலக்கி வைக்கிறது. துகளும் துகளும் புள்ளியில்கூடத் தொட்டுக்கொள்ள முடியாது. ஆகவே பருமன் கூடுகிறது. சுருக்கமாக இதுதான் அந்தப் பத்தியின் வாதம். இதையே கொஞ்சம் சொல் மாற்றி எத்தனையோ லெக்சர் நோட்ஸில், கேள்வி-பதில் கையேடுகளில் பார்க்கலாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சிவில் படித்தவர்கள் பல தலைமுறைகளாக இந்தப் புத்தகத்தைப் பிடித்துத்தான் கான்கிரீட் கற்றுக்கொண்டார்கள். நான் சிவில் ஆளும் இல்லை. இந்தப் புத்தகம் பல்க்கிங் பற்றிச் சொல்லும் நடைமுறைக் குறிப்புகள் எல்லாம் நல்லவை. நான் குறை சொல்வது காரணம் சொல்லும் அந்த ஒரே பத்தியை. அது கொஞ்சம் தவறு இல்லை, தலைகீழ்.

படலம் தள்ளினால் என்ன ஆகும்?

வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, துகள்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை என்றால் அவற்றுக்கு நடுவே உராய்வு இருக்க முடியாது. தண்ணீரில் மிதக்கிற மணல் அது. அதன்மேல் கால் வைத்தால் புதையணும், குவித்தால் வழிந்து ஓடணும். ஆனால் ஈர மணல் என்ன செய்கிறது? பழவேற்காடு கடற்கரையில் பிள்ளைகள் கட்டுகிற கோட்டையைப் பாருங்கள், சுவர் செங்குத்தாக நிற்கும். காய்ந்த மணலில் அது நடக்காது. தள்ளிக்கொண்டிருக்கும் துகள்கள் எப்படிச் சுவராக நிற்கும்?

இரண்டாவது, சமையலறைக்குப் போங்க. கழுவின ரெண்டு எவர்சில்வர் தட்டை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிட்டு அப்புறம் பிரித்துப் பாருங்கள். நடுவில் இருப்பது நீங்கள் சொல்லும் அதே படலம்தான். அது தட்டைத் தள்ளுகிறதா, பிடித்துக்கொள்கிறதா?

மூன்றாவது கணக்கு. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைத் துகள்கள் என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோ மணலின் மொத்த மேற்பரப்பு சுமார் 4.5 சதுர மீட்டர் வரும். 5% ஈரம் என்றால் 50 மில்லி தண்ணீர். அதை மொத்தமாகப் பரப்பினால் படலத்தின் தடிமன் 11 மைக்ரான். இரண்டு துகளுக்கு நடுவே இரண்டு படலம், ஆக 22 மைக்ரான் இடைவெளி. 500 மைக்ரான் துகளுக்கு இது 4.4%. மூன்று திசையிலும் சேர்த்தால் பருமன் 14% கூடும். பாட அட்டவணைகள் 5% ஈரத்துக்கு 30% உப்பும் என்கின்றன. 2% ஈரத்துக்கு இதே கணக்கு 5 சொச்சம் கொடுக்கிறது, அட்டவணை 15 என்கிறது. அதாவது கையில் இருக்கும் தண்ணீர் மொத்தத்தையும் படலமாக்கி, ஒரு சொட்டுகூட வேறெங்கும் போகாமல் பார்த்துக்கொண்டாலும், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் கணக்கு வருகிறது.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. மேலே உள்ள கணக்கில் துகளின் அளவை மாற்றிப் பாருங்கள். துகள் பாதியானால் மேற்பரப்பு இரண்டு மடங்கு, படலம் பாதி மெலிசு. துகளும் பாதி, படலமும் பாதி, விகிதம் மாறாது! படலம்தான் காரணம் என்றால் நைஸ் மணலும் பெருமணலும் ஒரே ஈரத்தில் ஒரே அளவு உப்பணும். ஆனால் அதே புத்தகம் அதே பகுதியில் நைஸ் மணல் அதிகம் உப்பும், ரொம்ப நைஸான மணலும் தயாரிப்பு மணலும் 40% வரைகூடப் போகும் என்று சரியாகவே சொல்கிறது. ஒரே பகுதிக்குள் காரணமும் தகவலும் சண்டை போடுகின்றன. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் 5 மார்க்குக்கு இரண்டும் தனித்தனி வரி.

அப்ப தண்ணீர் எங்கே இருக்கு?

தொடுகிற இடத்தில். கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் அது துகளைச் சுற்றிச் சமமாகப் போர்த்திக்கொள்வதில்லை. மெல்லிய ஈரம் எல்லா இடத்திலும் இருக்கலாம், ஆனால் அது மைக்ரானைவிட ரொம்ப ரொம்பச் சிறியது. தண்ணீரின் பெரும்பகுதி இரண்டு துகள் தொடும் இடுக்கில் போய், இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி ஒரு சின்னப் பாலமாக நிற்கும். நீர்ப்பாலம் என்று வைத்துக்கொள்வோம். 2008-ல் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் ஷேல் குழுவினர் ஈரமான கண்ணாடி மணிகளையும் மணலையும் எக்ஸ்ரே டோமோகிராஃபியில் உள்ளே வரை படம் எடுத்து வெளியிட்டார்கள். மருத்துவமனை சி.டி. ஸ்கேன் மாதிரிதான். ஈரம் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் தனித்தனிப் பாலம், ஈரம் கூடும்போது பக்கத்துப் பாலங்கள் ஒன்று சேர்ந்து கொத்தாகின்றன. கண்ணால் பார்க்கலாம்.

இந்தப் பாலம் இரண்டு வகையில் இழுக்கிறது. பாலத்தின் பக்கவாட்டு உள்நோக்கிக் குழிந்திருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அந்த அழுத்தக் குறைவு இரண்டு துகளையும் சேர்த்து உறிஞ்சுகிறது. கூடவே பாலத்தின் தோல், அதாவது நீர்ப்பரப்பு, ரப்பர் பேண்ட் மாதிரி சுற்றி நின்று இழுக்கிறது. இரண்டுமே இழுப்புதான். தள்ளுவது எதுவுமில்லை.

எவ்வளவு பலம்? ஒன்றையொன்று தொடும் இரண்டு சம உருண்டைகளுக்கு, பாலம் சின்னதாக இருக்கும்போது, விசை = 2 × பை × ஆரம் × பரப்பு இழுவிசை. அரை மில்லிமீட்டர் துகளுக்குப் போட்டால் சுமார் 113 மைக்ரோநியூட்டன். அந்தத் துகளின் எடை 1.7 மைக்ரோநியூட்டன். ஒரு பாலம் தன் துகளைப் போல 66 துகளைத் தூக்கும்! நிஜ மணல் உருண்டை இல்லை, சொரசொரப்பு, அதனால் இவ்வளவு கிடைக்காது. பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் எடையைவிட ஆறு மடங்கு.

இப்ப 20 மில்லிமீட்டர் ஜல்லிக்குப் போடுவோம். விசை ஆரத்தோடு வளரும், எடை ஆரத்தின் கனத்தோடு வளரும். ஆகவே விகிதம் ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிராக இறங்கும். ஜல்லி 40 மடங்கு பெரிசு, விகிதம் 1600 மடங்கு சின்னது. பாலத்தின் பிடி ஜல்லியின் எடையில் வெறும் 4%. அதனால்தான் மழையில் நனைந்த ஜல்லி உப்புவதில்லை, நனைந்த மணல் உப்புகிறது. நைஸ் மணல் இன்னும் உப்புகிறது. படலக் கதையால் சொல்ல முடியாததை ஒரு வரி வகுத்தல் சொல்லிவிடுகிறது.

இழுத்தால் எப்படிப் பெருசாகும்?

இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறோம் என்று நினைக்கிறேன். பருமன் கூடியிருக்கு, அப்ப ஏதோ தள்ளியிருக்கணும் என்று மனசு முடிவு செய்துவிடுகிறது. அந்தப் பத்தியும் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

காலையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக ஏறுகிறவர்கள் இடுக்கில் நுழைந்து, சாய்ந்து, தோளைத் திருப்பி இடத்தை நிரப்பிவிடுவார்கள். இப்ப ஏறுகிற ஒவ்வொருவரும் முதலில் யார்மேல் படுகிறாரோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அங்கேயே நின்றால்? பெட்டிக்குள் பொந்து பொந்தாக இடம் கிடக்கும், வாசலில் கூட்டம் பிதுங்கும். யாரும் யாரையும் தள்ளவில்லை. பிடித்துக்கொண்டதால்தான் இடம் வீணானது.

மணலும் அப்படித்தான். காய்ந்த துகள் விழுந்ததும் உருண்டு பள்ளம் தேடிப் போய் உட்காரும். ஈரத் துகள் முதலில் தொட்ட துகளிடமே ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் இன்னொன்று, பக்கத்தில் இன்னொன்று. உள்ளே குட்டிக் குட்டி வளைவுகளும் பொந்துகளும் உருவாகி, அவை சரியாமல் பாலங்கள் பிடித்துக்கொள்கின்றன. கூடின பருமன் படலத்தில் இல்லை, அந்தப் பொந்துகளில் இருக்கிறது. முழுக்கத் தண்ணீர் ஊற்றி மூழ்கடித்தால் காற்றே இல்லை; காற்றும் நீரும் சந்திக்கும் வளைந்த பரப்பு இல்லை; பாலம் இல்லை; பிடி விட்டு மணல் பழைய பருமனுக்கு இறங்கிவிடும்.

1997-ல் 'நேச்சர்' இதழில் ஹார்ன்பேக்கர் குழுவினர் பிளாஸ்டிக் மணிகளில் துளி எண்ணெய் கலந்து, மணல் கோட்டையை நிற்க வைப்பது எது என்று பார்த்தார்கள். எண்ணெயை எல்லா மணிமேலும் சமமாகப் பரப்பினால் நானோமீட்டர் கணக்கில்தான் தடிமன் வரும். அந்தத் துளியிலேயே குவியலின் சரிவுக் கோணம் பெரிதாக மாறியது. நானோமீட்டர் படலம் எதைத் தள்ளி எவ்வளவு பருமனைக் கூட்டும்?

ஒரு வருஷத்தில் திருத்திய கதை

இந்த விசைக் கணக்கு புதுசு இல்லை, நூறு வருஷம் பழசு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ந்தபோது பிறந்தது. ஈர மண் ஏன் கட்டியாகப் பிடிக்கிறது என்பது உழவின் கேள்வி. டபிள்யூ. பி. ஹெய்ன்ஸ் 1925-ல் மண்ணை உருண்டைகளாகக் கற்பனை செய்து கணக்குப் போட்டு 'ஜர்னல் ஆஃப் அக்ரிகல்ச்சுரல் சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். அழுத்தக் குறைவின் இழுப்பை எடுத்துக்கொண்டவர், நீர்ப்பரப்பின் நேரடி இழுப்பை விட்டுவிட்டார். அதே நிலையத்தில் வேலை பார்த்த இன்னொருவர் 1926-ல் அதே இதழில் அதைத் திருத்தி எழுதினார். அவர் ஆர். ஏ. ஃபிஷர், புள்ளியியல் படித்தவர்கள் தினம் பெயர் சொல்லும் அதே ஃபிஷர். கட்டுரைத் தலைப்பிலேயே, ஹெய்ன்ஸ் கொடுத்த சூத்திரங்களின் திருத்தம் என்று போட்டிருந்தது.

எனக்கு இதில் பிடித்தது ஃபிஷரின் கெட்டிக்காரத்தனம் இல்லை. ஒரே வளாகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் தவறை, பெயர் சொல்லி, எல்லாரும் படிக்கும் இடத்தில், ஒரு வருஷத்தில் திருத்தியிருக்கிறார். எங்கள் சாஃப்ட்வேர் வேலையில் இதற்கு பக் ரிப்போர்ட் என்று பேர். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாடப்புத்தகத்துக்கு மட்டும் ஏன் பக் ரிப்போர்ட் இல்லை? ஒருவர் எழுதியதை இன்னொருவர் நோட்ஸ் ஆக்கி, அதிலிருந்து கேள்வித்தாள், கேள்வித்தாளிலிருந்து விடைக்குறிப்பு. கடைசியில் தவறு என்பது மார்க் வாங்கித் தரும் பதிலாகவே மாறிவிடுகிறது.

சரி, காரணம் எதுவானால் என்ன?

இது நியாயமான கேள்வி. மேஸ்திரிக்குப் படலமும் தெரியாது, பாலமும் தெரியாது. கைப்பிடி அழுத்தியே சொல்லிவிட்டார். பிறகு எதற்கு இவ்வளவு?

காரணம் மாறினால் செய்கிற வேலை மாறும். படலக் கதைப்படி உப்பல் என்பது ஈரத்தைப் பொறுத்த விஷயம். ஈரம் இவ்வளவு, உப்பல் இவ்வளவு, அட்டவணையைப் பார்த்தால் போதும். பாலக் கதைப்படி அது மணல் எப்படி விழுந்தது என்பதையும் பொறுத்தது. அதே மணல், அதே ஈரம். மண்வெட்டியால் தளர்வாகப் போட்டால் ஒரு பருமன், குத்திப் போட்டால் வேறு பருமன், பெரியபாளையம் ரோட்டில் குலுங்கி வந்தால் இன்னொரு பருமன். ஆகவே அட்டவணையை நம்பக் கூடாது, அன்றைக்கு வந்த மணலை அன்றைக்கே சோதிக்கணும்.

சோதனையும் சுலபம். ஐ.எஸ். 2386 மூன்றாம் பகுதியில், 1963-லிருந்தே இருக்கிறது. ஒரு பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஈர மணலைத் தளர்வாகப் போட்டு, மேலே சமப்படுத்தி உயரத்தை அளக்கணும். மணலை வெளியே எடுத்து, பாத்திரத்தில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போட்டுக் கம்பியால் குத்தி, மறுபடி உயரம் அளக்கணும். எங்கள் வீட்டு வாசலில் பெயின்ட் டப்பாவில் செய்தேன். 20 செ.மீ. நின்றது 16-க்கு இறங்கியது. 20-ஐ 16-ஆல் வகுத்தால் 1.25. 25% உப்பல். மேஸ்திரி சொன்ன ரெண்டரைகூட வரவில்லை, 2.4 யூனிட்.

பணத்தைவிட எனக்கு உறைத்தது கலவை. எங்கள் வீட்டில் பெட்டியால் அளந்து 1:1.5:3 போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 35 லிட்டர் பெட்டியில் ஒன்றரைப் பெட்டி மணல். உப்பின மணலில் அது நிஜத்தில் 1.2 பெட்டிதான். ஜல்லிக்கு நடுவே நிரப்ப மணல் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கூடவே அந்த மணலுக்குள் கிட்டத்தட்ட 3 லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் பீமுக்குப் பலகை பிரித்தபோது அடியில் ஓரிடத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டை தெரிந்தது. வைப்ரேட்டர் சரியாகப் போகாததும் காரணமாக இருக்கலாம், மணலை மட்டும் பழி சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பீமுக்குக் கீழேதான் என் அம்மா படுக்கிறார். இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டி, சரிசெய்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. மீதி வேலைக்குச் சோதனை செய்து, மணலை 1.5-க்குப் பதில் 1.9 பெட்டியாக ஏற்றி, தண்ணீரைக் குறைத்தோம். இதற்கு மேலான வழி எடைபோட்டுக் கலப்பது. எடைக்கு உப்பல் தெரியாது. எடைமேடைக்காரனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

எல்லாம் விளக்கி முடித்ததும் அக்கா பையன் கேட்டான்.

"மாமா, எக்ஸாம்ல எதை எழுதறது?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. உண்மையை எழுது என்று சொல்வது எனக்குச் சுலபம், மார்க் போவது அவனுக்கு. கடைசியில் இப்படிச் சொன்னேன்: முதல் வரியில், ஈரத்தின் பரப்பு இழுவிசையால் மணல் உப்புகிறது என்று எழுது. அது இரண்டு கதைக்கும் பொது. அடுத்து ஒரு படம் போடு. இரண்டு வட்டம், தொடும் இடத்தில் ஒரு சின்னப் பாலம், அம்புக்குறி இரண்டும் உள்நோக்கி. திருத்துகிறவர் ஒருத்தராவது அந்த அம்புக்குறியைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்கலாம்.

அவன் படத்தை நோட்டில் வரைந்து பார்த்தான். "அம்புக்குறி உள்ள போகுது, ஆனா வால்யூம் வெளிய போகுது. மிஸ் கண்டிப்பா கேப்பாங்க மாமா" என்றான்.

கேட்கட்டும். கேட்டால் ரயில் கதையைச் சொல்லு என்றேன்.